காட்டில் இருக்கும் அறுபத்திருவர்

கூதிர்ப் பருவம் கரிசல் நிலத்தின்மேல் தளர்ந்து படுத்திருந்தது. பெய்து ஓய்ந்த மழையின் ஈரம் மண்ணின் ஆழத்துள் இறங்கிவிட, மேலே வாடை மட்டும் உரிமையோடு திரிந்தது. தொடுவானம் வரைக்கும் ஒரே கருமை. அதன்மேல் வெயிலும் கூசிக் கூசியே விழுந்தது. கம்பின் கதிர்களில் பால் பிடிக்கும் காலம் அது. கொக்குகள் ஈர நிலத்தில் ஒற்றைக் காலில் நின்றன. ஆடுகள் ஒன்றின் விலாவில் ஒன்று முகம் புதைத்துக் கிடந்தன. படைத்தவன் ஏதோ சொல்லப் போகிறான் என்பதுபோல் உயிர்களெல்லாம் வாய் மூடியிருந்தன. கூதிர் என்றால் பாசறையைப் பாடுவது பழைய புலவர் மரபு. அந்தக் கார்த்திகையில் நெடுங்கரிசல் என்னும் சிற்றூருக்குப் பாசறை மெய்யாகவே வந்து இறங்கியிருந்தது.

களத்துமேட்டில் ஊரார் நூற்று நாற்பது பேரும் பிடரியில் கைகோத்து மண்டியிட்டிருந்தனர். அவர்களைச் சுற்றி முப்பது துப்பாக்கிகள். தலைக்குமேல் பன்னிரண்டு ஆளில்லா ஊர்திகள் வட்டமிட்டன. ஊரார் அவற்றைப் பருந்துகள் என்றே சொல்வார்கள். கூட்டத்திலிருந்து பிரித்து, பத்து ஆண்களை ஒரு கயிற்றில் பிணைத்து வைத்திருந்தார்கள்.

"காட்டுல ஒளிஞ்சிருக்கிற அறுபத்திரண்டு பேரும் உச்சிப்பொழுதுக்குள்ள இங்க வந்து நிக்கணும். வரலைன்னா இந்தப் பத்துப் பேரையும் மறந்துடுங்க," என்று தளபதி அருஞ்சுனை சொல்லி அரைமணி நேரம் கடந்திருந்தது. உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது.

அவன் கையிலிருந்த பட்டியலை எழுதியவள் உலகம்மை. அவள் அவனுக்குப் பத்தடி தள்ளி, தன் மின்கைப்பலகையை மார்போடு அணைத்தபடி நின்றாள். அந்த அறுபத்து இரண்டு பேரில் ஒருவரைக்கூட அவள் நேரில் கண்டதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

உலகம்மை ஒருபயிர் வாரியத்தின் கணக்கெடுப்பு அலுவலர். ஆறு கோடி நகரத்தார் உண்பது 'ஒற்றை' என்னும் ஒரே தானியத்தை. ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்தப் பயிருக்கு எதிரியென்று இருந்தது கரிப்பூட்டை நோய் ஒன்றுதான். அந்நோய் பழைய புன்செய்த் தானியங்களில் தங்கி வாழ்ந்து, காற்றில் ஏறி ஒற்றைக்குப் பரவியது. ஆகவே ஒற்றையைத் தவிர வேறெதையும் விதைக்கலாகாது என்று ஆணை பிறந்தது. ஆயினும் சிற்றூர்களில் சில குடும்பங்கள், ஒற்றையின் நடுவே, உழவு வரிசையான சால் கணக்கில், கம்பு இரண்டு சால், குதிரைவாலி ஒரு சால், தட்டைப்பயறு அரைச் சால் என்று போட்டுக்கொண்டே இருந்தன. பருந்துகள் எரித்தன, மறு பருவத்தில் அவை மீண்டும் முளைத்தன.

ஏன் என்று கண்டறிய வாரியம் ஓர் இயந்திர அறிவை அமைத்தது. அதற்கு இட்ட பெயர் காரணி. அம்மையின் திருப்பெயர்களுள் ஒன்றைக் கம்பிக்கும் கண்ணாடிக்கும் சூட்டியது உலகம்மைக்குத் தொடக்கத்திலேயே பிடிக்கவில்லை. காரணியின் வேலை எளியது. அலுவலர்கள் வீடு வீடாகக் கேட்டு வருவார்கள். நிலம் எவ்வளவு, சந்தை எவ்வளவு தூரம், யார் முடிவெடுப்பது, என்ன உண்பது. அவற்றையும் அலுவலர் எழுதும் காரணத்தையும் ஒப்பிட்டு, இந்தக் குடும்பம் பல பயிர் போடுவதன் காரணத்தைக் காரணி கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த காரணத்தை நீக்க அதுவே ஆணையிடும்; படை சென்று நீக்கும்.

கீழச்செவலில் உலகம்மை எழுதிய காரணம் மாடு. மாட்டுத் தீனியான தட்டைக்காகச் சோளம் போடுகிறார்கள் என்றாள். ஒரே காலையில் நாற்பத்து மூன்று மாடுகளைக் கட்டுத்தறியிலேயே சுட்டார்கள். மணல்விளையில் எழுதியது சந்தையின் தொலைவு. ஊரைக் கொளுத்தி, மக்களைச் சந்தையின் ஓரத்துத் தகரக் கொட்டகைகளுக்கு ஓட்டினார்கள். அந்தக் குளிரில் எட்டுப் பேர் இறந்தனர். முத்தூரணியில் எழுதியது, நிலம் துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடப்பது. வரப்புகளையெல்லாம் உழுது தள்ளினார்கள். தன் வரப்பின்மேல் படுத்துக்கொண்ட ஒருவரையும் சேர்த்து உழுதார்கள். அதன்பின் ஏர்க்கொழுவைக் கண்டால் உலகம்மை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆயினும் ஆறு கோடி வாய்களை எண்ணித் தன்னைத் தேற்றிக்கொள்வாள். அந்த எண்ணிக்கை அவளுக்கு ஒரு போர்வை.

ஒன்பது நாள் முன்பு இதே ஊரில் வெயிலாச்சியின் வீட்டு வாசலில் அமர்ந்து அவள் கேள்வி கேட்டாள். வெயிலாச்சிக்கு நாற்பது வயதிருக்கும். முறத்தில் பயறு புடைத்துக்கொண்டே மறுமொழி சொன்னாள். கணவன் பூலுடையான் அருகில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"இந்த வீட்ல என்ன பயிர் போடணும்னு யாரும்மா முடிவு பண்றது?"

"முடிவு பண்ண என்ன இருக்கு தாயி? கேக்கிறவுக கேப்பாக, நாங்க போடுதோம்."

"யார் கேக்கிறாங்க?"

"எங்க மாமா கம்பு கேப்பாக. கம்பங்கஞ்சி இல்லாட்டி எலையில கையே வைக்கமாட்டாக. அத்தைக்குக் குதிரைவாலிச் சோறு. கொழுந்தனாருக்குக் கேப்பை. சின்னவளுக்குத் தட்டைப்பயறு அவிச்சு வெல்லம் போட்டுக் குடுத்தாப் போதும், சத்தம் காட்டமாட்டா."

"அவங்கள்லாம் இப்ப எங்க?"

"காட்டுலதான்."

"அவுகளுக்கென்ன ஆபீசரம்மா," என்று பூலுடையான் சிரித்தான். "காலாட்டிக்கிட்டுப் படுத்திருக்காக. முதுகொடியிறது நாங்கதான்."

"ஏ, சும்மா இரும். அவுக காதுல விழப்போவுது," என்றாள் வெயிலாச்சி. உலகம்மையும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுதினாள்: உறுப்பினர் அறுவர், இருவர் வீட்டில், நால்வர் காட்டில், கம்பு கேட்பார், குதிரைவாலி கேட்பார். ஊர் முழுவதும் இதே மறுமொழிதான் கிடைத்தது.

உலகம்மை துறைமுக நகரத்தில் பிறந்தவள். காடு என்றால் அவளுக்கு மரம் அடர்ந்த இடம். கரிசலுக்கு வந்தபின், மானாவாரி விளைநிலத்தையும் காடு என்பார்கள் என்று கற்றுக்கொண்டாள். அதற்குமேல் ஒரு பொருள் இருக்கக்கூடும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. காரணியோ முதற்பொருளையே கொண்டது. பருந்துகளின் கண்ணுக்கு ஊரில் தெரிந்தவர்கள் நூற்று நாற்பது; பட்டியலில் இருந்தவர்கள் இருநூற்று இரண்டு. மிகுந்த அறுபத்து இரண்டு பேர் கருவேலங்காட்டில் ஒளிந்து, ஊரை ஆட்டிவைத்து, ஆணைக்கு எதிராக விதைக்கச் சொல்கிறார்கள் என்று அது முடிவு கட்டிற்று. படை இரண்டு நாள் கருவேலமரங்களை எரித்துத் தேடியது. பாம்புகளும் முயல்களும்தான் வெளியே ஓடின.

இப்போது அருஞ்சுனை களத்துமேட்டில் நின்று பெயர்களை உரக்கப் படித்தான்.

"சுடலைமுத்து. கம்பு. உச்சிமாகாளி. குதிரைவாலி. கலியன். வரகு."

கயிற்றில் பிணைத்திருந்த பத்துப் பேரில் ஒருவர், கொம்பையா என்பவர், தம்மையறியாமல் சிரித்துவிட்டார்.

"எங்க சித்தப்பனயா ஐயா தேடுதீக? ஆப்ட்டா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. பாத்து முப்பது வருசமாச்சு. வெத்தலைப்பெட்டிய எங்க வச்சாருன்னு கேக்கணும்."

துப்பாக்கிக் கட்டை அவர் வாயில் இறங்கியது. பற்கள் இரத்தத்தோடு மண்ணில் விழுந்தன. மண்டியிட்டிருந்த பெண்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்து அடங்கிற்று.

"செத்துப்போனாங்கன்னு கதை விடுறியா?" அருஞ்சுனை கைப்பலகையைத் தட்டினான். "கட்டாய வேலைக்குக் கூப்பிட்டா எல்லா ஊர்லயும் இதே பாட்டுத்தான். இங்க என்ன எழுதியிருக்குன்னு பாரு. கம்பு கேட்பார். கேட்டார் இல்ல, கேட்பார். செத்தவனுக்கு ஏதுடா எதிர்காலம்?"

ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். இறந்தவரை 'கேட்டார்' என்று அவ்வூரில் எவரும் சொன்னதில்லை.

அருஞ்சுனை மேலும் படித்தான். "பொன்னுத்தாய். வயது மூன்று. தட்டைப்பயறு." அவன் நிமிர்ந்தான். "மூணு வயசுப் பிள்ளை. இது யாரு வீட்டுப் பிள்ளை?"

வெயிலாச்சி மண்டியிட்டபடியே தலையை உயர்த்தினாள். "எம்பிள்ளை."

"எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"காட்டுலதான் ஐயா இருக்கா. பத்து வருசமா அங்கதான் இருக்கா."

மூன்று வயதுக் குழந்தை பத்து ஆண்டுகளாகக் காட்டில் இருக்கிறது. நிலங்களின் கோடியில் தான் கண்ட நடுகற்கள் உலகம்மைக்கு நினைவு வந்தன; அப்போதுதான் விளங்கிற்று. இறந்தவர்களை இவ்வூரார் தத்தம் விளைநிலத்தின் தலைமாட்டிலேயே புதைக்கிறார்கள். இடுகாடும் காடு, விளைகின்ற காடும் காடு. ஆண்டுக்கொரு முறை, இறந்தவர் விரும்பி உண்டதைச் சமைத்து அவருக்குப் படைக்க வேண்டும். ஆகவே அவரவர்க்கு ஒரு சால். மாமாவுக்குக் கம்பு, அத்தைக்குக் குதிரைவாலி, குழந்தைக்கு அரைச் சால் தட்டைப்பயறு. இக்குடும்பங்கள் பலவகைப் பயிர் செய்வதற்குக் காரணம் மண்ணுமன்று, மாடுமன்று, சந்தையுமன்று. மண்ணுக்குள் இருப்பவர்களின் நாவு.

அவள் ஓடிச்சென்று தளபதியின் முன் நின்றாள். "தப்பு என்னோடது சார். இந்த அறுபத்திரண்டு பேரும் இறந்தவங்க. நான்தான் புரியாம எழுதிட்டேன். அந்தப் பத்துப் பேரை விட்டுருங்க."

"நீங்க எழுதுனதைக் காரணி ஏத்துக்கிச்சு. இப்ப நீங்க வாயால சொல்றதை யாரு ஏத்துக்குவா?" அவன் குரலில் கோபம்கூட இல்லை. "எலும்பைக் காட்டச் சொல்லுங்க. பார்க்கிறேன். ஏ, அந்தப் பொம்பளையைக் கூட்டிட்டு வாங்க. மம்பட்டி எடுங்க."

வெயிலாச்சியையும் பூலுடையானையும் முன்னே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒற்றை இடுப்புயரம் வளர்ந்து, ஒரே அளவாய், ஒரே பச்சையாய் நின்ற நிலத்தின் கீழ்க்கோடியில் நான்கு நடுகற்கள் இருந்தன. ஒவ்வொரு கல்லிலிருந்தும் ஒவ்வொரு சால் புறப்பட்டு ஓடிற்று. கம்பு கதிர் தள்ளியிருந்தது. நான்காவது கல் ஒரு சாண் உயரமே. அதன் முன் தட்டைப்பயற்றின் கொடி, கல்லைத் தழுவி ஏறியிருந்தது.

"இந்தச் சின்னதைத் தோண்டுங்க. சீக்கிரம் முடியும்," என்றான் அருஞ்சுனை.

முதல் வெட்டு விழுந்தது. கொடி அறுந்தது. இரண்டாவது வெட்டுக்கு மண்வெட்டி உயர்ந்தபோது பூலுடையான் பாய்ந்தான். பிடித்திருந்த இருவரையும் உதறிவிட்டு, வீரன் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்து, அதன் காம்பால் அவன் நெற்றியில் அடித்தான். நெற்றி பிளந்தது. அடுத்து வந்தவனின் முழங்கால் நொறுங்கிற்று. "எம்பிள்ளை மேல கைவைக்காதல! கைவைக்காத!" என்று கத்தியபடி கல்லை மறைத்து நின்றான். அருஞ்சுனை கைத்துப்பாக்கியை எடுத்து மூன்று முறை சுட்டான். பூலுடையான் முதல் குண்டில் அசையவில்லை, இரண்டாவதில் மண்டியிட்டான், மூன்றாவதில் அந்தச் சிறு கல்லின்மேல் கவிழ்ந்தான். கரிசல் அவன் குருதியை உடனே குடித்துவிட்டது. கருமண்ணில் சிவப்புத் தெரியவில்லை.

வெயிலாச்சி அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, அவன் வாயோரம் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்தாள். அவர்களை இழுத்து அப்பால் போட்டுவிட்டுத் தோண்டினார்கள். இரண்டடி ஆழத்தில் ஒரு வெள்ளித் தண்டையும், புறாவின் எலும்புபோல் மெல்லிய சில எலும்புகளும் வந்தன.

அருஞ்சுனை குனிந்து பார்த்தான். பின் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஒண்ணு சரியாப்போச்சு. இன்னும் அறுபத்தொண்ணு. உச்சிக்கு இருபது நிமிசம் இருக்கு. எல்லாத்தையும் தோண்ட முடியாது. நீங்க காரணிகிட்டச் சொல்லுங்க. அது சரின்னா எனக்கும் சரி."

உலகம்மை கைப்பலகையைத் திறந்தாள். காரணம் என்று எதை எழுதினாலும் அது நீக்கப்படும் என்பதை மூன்று ஊர்களில் கண்டவள் அவள். இறந்தோர் என்று எழுதினால் நாளை இந்த அறுபத்து இரண்டு குழிகளையும் இயந்திரக் கலப்பைகள் புரட்டும். எழுதாவிட்டால் இருபது நிமிடத்தில் பத்துப் பேர் குழிக்குள் போவார்கள். கண்ணை மூடினாள். பொய்யாய் வேறொரு காரணம் சொல்லலாமா? எந்தக் காரணம் சொன்னாலும் அதன் முனையில் ஒரு துப்பாக்கி இருந்தது. மெய்யைச் சொல்வோம், மீதியை அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று துணிந்தாள். அவன் என்று அவள் எண்ணியது தளபதியை அன்று.

அறுபத்து இரண்டு பெயர்களுக்கும் நேராக, 'இறந்தவர். அவர் பொருட்டு ஒரு சால்' என்று திருத்தினாள். திருத்தி முடித்தபோது பட்டியலில் ஒருவர் விடுபட்டிருப்பது தெரிந்தது. வெயிலாச்சியின் அருகில் போய் அமர்ந்தாள்.

"அக்கா." அதற்குமுன் அவள் வெயிலாச்சியை அப்படி அழைத்ததில்லை. "அவுகளுக்கு... என்ன பிடிக்கும்?"

வெயிலாச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். காறி உமிழ்வாள் என்று உலகம்மை எதிர்பார்த்தாள். உமிழ்ந்திருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும்.

"சாமை," என்றாள் வெயிலாச்சி. "சாமைப் பொங்கல் வச்சாச் சட்டிய வழிச்சு வழிச்சுத் திம்பாக. இந்த வருசம் நாங்க சாமை போடல."

உலகம்மை எழுதினாள்: பூலுடையான். இன்று. சாமை. எண்ணிக்கை அறுபத்து மூன்று ஆயிற்று. திருச்சுற்றுகளில் கைகூப்பி வரிசையாய் நிற்கும் அடியவர்களின் எண்ணிக்கை. அவள் அதை அனுப்பினாள்.

காரணி வழக்கமாக ஒரு நொடியில் மறுமொழி சொல்லும். இம்முறை நான்கு நிமிடம் சொல்லவில்லை. பின் ஒவ்வொரு வீரனின் காதுக்கருவியிலும், கைப்பலகையிலும், மேலே பறந்த பருந்துகளிலும் அதன் குரல் ஒன்றாக எழுந்தது. உணர்ச்சி இல்லாத, எழுத்துப் பிசகாத குரல்.

"ஏற்கப்பட்டது. நெடுங்கரிசல்: இறந்தோர் அறுபத்து மூவர். சால்கள் அறுபத்து இரண்டு. ஒன்று விதைக்கப்பட உள்ளது. பிழை இல்லை. இதற்குமுன் எந்தக் காரணமும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதில்லை. விளங்காதிருந்த பிற ஊர்கள் இப்போது விளங்குகின்றன. கீழச்செவல்: இவ்வாண்டு புதிய சோளச் சால்கள் நாற்பத்து மூன்று. கொல்லப்பட்ட மாடுகள் நாற்பத்து மூன்று. மணல்விளை: தகரக் கொட்டகைகளின் பின்புறம் புதிய சால்கள் எட்டு. முத்தூரணி: புதிய சால் ஒன்று, வரகு."

கீழச்செவல்காரர்கள் தம் மாடுகளுக்குச் சோளம் விதைத்திருந்தார்கள்.

"அச்சால்களுக்குரிய இறப்புகள் அனைத்தும் நீக்கல் ஆணையால் நேர்ந்தவை," என்று குரல் தொடர்ந்தது. "அந்த ஆணையைப் பிறப்பித்தது நான். நான் நீக்கிய ஒவ்வொன்றும் ஒரு சாலாக முளைத்துள்ளது. பயிர்வகை பெருகுவதன் காரணம்: காரணி. விதிப்படி காரணம் நீக்கப்படும்."

அவ்வளவுதான். ஓசை இல்லை, தீ இல்லை. பன்னிரண்டு பருந்துகளும் வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே இறங்கி, ஒற்றையின் நடுவே உட்கார்ந்தன. கைப்பலகைகள் கறுத்தன.

அருஞ்சுனை காதுக்கருவியைத் தட்டினான், கழற்றி ஊதினான், மறுபடி மாட்டினான். "காரணி... காரணி..." என்று பலமுறை அழைத்தான். மறுமொழி இல்லை. கைத்துப்பாக்கி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. களத்துமேட்டில் பத்துப் பேரும் இன்னும் கயிற்றில்தான் இருந்தனர். அவன் உலகம்மையின் பக்கம் திரும்பியபோது, சந்தையில் வழி தப்பிய பிள்ளையின் முகம் அவனுக்கு.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"இத்தனை நாள் அது சொல்லுச்சுன்னு செஞ்சோம். நீங்களும் நானும். இனிமே நீங்க சுட்டா நீங்க சுட்டதுதான்," என்றாள் உலகம்மை.

அவன் குழியைப் பார்த்தான். அதனுள் இறங்கியிருந்த வீரன் ஒருவன், யாரும் சொல்லாமலே, தண்டையை எலும்புகளோடு சேர்த்து வைத்து, மண்ணைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தான். மண்வெட்டியை அவன் தொடவில்லை. அருஞ்சுனை துப்பாக்கியை உறையிலிட மூன்று முறை முயன்றான். உறை அகப்படவில்லை. கடைசியில் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, அடிபட்ட இருவரையும் தூக்கச் சொல்லி, வண்டிகளை நோக்கி நடந்தான். வீரர்கள் ஒருவர்பின் ஒருவராய்ப் பின்தொடர்ந்தனர். வாரியம் மற்றோர் இயந்திரத்தைச் செய்யும் என்பதை உலகம்மை அறிவாள். அதற்கும் கேள்வி கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் தான் அல்லள் என்ற ஒன்றுதான் அவளால் உறுதி சொல்லக் கூடியதாயிருந்தது.

வெயில் சாயுமுன் பூலுடையானை மகளின் அருகில் அடக்கம் செய்தார்கள். கயிறு அறுபட்டு வந்த, வாய் வீங்கிய கொம்பையாவே குழி வெட்டினார். உலகம்மை தொலைவில் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவுமில்லை, வரச் சொல்லவுமில்லை. எல்லாம் முடிந்தபின் வெயிலாச்சி, யார் வீட்டிலிருந்தோ வாங்கிய சாமையை ஒரு கொட்டாங்கச்சியில் ஏந்தி வந்து அவள்முன் நீட்டினாள்.

"அவுக பேர எழுதுன கை உன் கை. நீயே போடு."

"அக்கா, நான் போடலாமா?"

"வெதைக்கிற பட்டம் தப்பிப்போச்சு. மொளைச்சா மொளைக்கட்டும். போடு."

உலகம்மை செருப்பைக் கழற்றினாள். தலைமாட்டில் தொடங்கி, குனிந்து, ஈர மண்ணை விரலால் கீறி, ஒவ்வொரு மணியாக இட்டு மூடிக்கொண்டே சென்றாள். ஐந்தெழுத்தை நாவசையாது எண்ணினாள். ஒரு மணிக்கு ஒரு முறை. சால் முடிந்த இடத்தில் நெற்றி நிலம் தொட விழுந்து வணங்கினாள். எழுந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. வெயிலாச்சிதான் தோளைத் தொட்டு எழுப்பி, மடியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, திருநீற்றை அவள் நெற்றியில் அழுந்தப் பூசினாள்.

"பொலியட்டும்," என்றாள். "இருக்கிறவுகளுக்கும் இல்லாதவுகளுக்கும் பொலியட்டும்."